புக் ஆயிடுச்சு... கன்ஃபர்ம் ஆச்சா?

"டிக்கெட் புக் ஆயிடுச்சுப்பா!"

மயிலாப்பூரில் ஒரு வீடு என்று வைத்துக்கொள்ளுங்கள். ஹாலில் மகள் போனும் கையுமாக உட்கார்ந்திருக்கிறாள். மதுரையில் அத்தை மகனுக்குக் கல்யாணம். அப்பா, அம்மா இருவரும் முந்தின நாள் இரவு ரயிலில் கிளம்ப வேண்டும். அப்பாவுக்கு வயது 68. அம்மாவுக்கு 63, கூடவே முழங்கால் வலி.

"கன்ஃபார்மா?" என்று கேட்கிறார் அப்பா.

"புக் ஆயிடுச்சுன்னு சொல்றேன்ல. 'புக்டு சக்சஸ்ஃபுல்லி'ன்னு ஸ்கிரீன்லயே வந்துடுச்சு."

அப்பா கண்ணாடியை மாட்டிக்கொண்டு போனை வாங்கிப் பார்க்கிறார். பெரிய பச்சை டிக் மார்க்குக்குக் கீழே சின்ன எழுத்தில் இருக்கிறது, 'டபிள்யூ.எல் 31, டபிள்யூ.எல் 32.'

"இது வெயிட்டிங் லிஸ்ட்டும்மா!"

"ஆனா புக் ஆயிடுச்சுல்ல?"

இருவர் சொல்வதும் சரிதான். சிக்கல் ஆங்கிலத்தில் இருக்கிறது. 'புக்டு' என்றால், உங்கள் பெயரைப் பதிவேட்டில் எழுதிக்கொண்டோம், பணத்தையும் வாங்கிக்கொண்டோம் என்று பொருள். படுக்கை தருகிறோம் என்று அந்தச் சொல் எங்கேயும் சொல்லவில்லை. அதைச் சொல்லும் சொல் 'கன்ஃபர்ம்டு'. ரயிலில் அதற்கு சி.என்.எஃப் என்று மூன்று எழுத்துச் சுருக்கம். அந்த மூன்று எழுத்தைப் பார்க்கும்வரை பெட்டியைப் பரணிலிருந்து இறக்கலாம், துணி அடுக்கவேண்டாம்.

முன்பதிவு சம்பந்தமான ஆங்கிலச் சொற்களில் பாதிக்கு மேல் இப்படித்தான். வாக்குக் கொடுப்பதுபோல் காதில் விழும். உற்றுப் பார்த்தால் எதையும் கொடுத்திருக்காது. இந்த வாரம் அவற்றைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்கலாம்.

முதலில் ரயில் ஆங்கிலம்

தமிழ்நாட்டில் பள்ளிக்கூடமே போகாதவர்களும் சரளமாகப் பேசும் ஆங்கிலம் ரயில்வே ஆங்கிலம். ரிசர்வேஷன், வெயிட்டிங் லிஸ்ட், கேன்சல், சார்ட், பெர்த், லோயர், அப்பர். மாம்பலம் ஸ்டேஷன் கவுன்ட்டர் வரிசையில் பத்து நிமிடம் நின்றால் ஒரு குட்டி அகராதியே கிடைத்துவிடும்.

அந்த மெசேஜில் வரும் பி.என்.ஆர் என்பது 'பேசஞ்சர் நேம் ரெக்கார்டு'. ரயிலில் அது 10 இலக்க எண். பெயரிலேயே விஷயம் இருக்கிறது: அது பயணியின் பெயரைப் பதிந்த குறிப்பு, அவ்வளவுதான். வெயிட்டிங் லிஸ்ட்டில் இருப்பவருக்கும் பி.என்.ஆர் உண்டு. "பி.என்.ஆர் வந்துடுச்சு" என்று நிம்மதியாகத் தூங்கப்போவது, வங்கியில் டோக்கன் வாங்கியதுமே கடன் கிடைத்துவிட்டதாக நினைப்பதுபோல.

அடுத்து அந்த எண்கள். 'ஜி.என்.டபிள்யூ.எல் 31 / டபிள்யூ.எல் 12' என்று வந்தால் பலருக்குக் குழப்பம். முதல் எண், டிக்கெட் எடுத்தபோது இருந்த இடம். இரண்டாவது எண்தான் இன்றைய நிலவரம். முன்னால் இருக்கும் எழுத்துகளையும் கவனிக்க வேண்டும். ஜி.என் என்றால் ஜெனரல். பெரும்பாலும் ரயில் புறப்படும் ஊரிலிருந்து, அல்லது அதற்குப் பக்கத்திலிருந்து, நெடுந்தூரம் போகிறவர்களுக்கான பொதுப் பட்டியல். இருப்பதில் நகர வாய்ப்பு அதிகம் உள்ளது இதுதான். பி.கியூ என்றால் 'பூல்டு கோட்டா'. நடுவில் உள்ள பல ஊர்களுக்கும் சேர்த்து ஒரே ஒதுக்கீடு. அதில் 5 என்று இருந்தாலும் நம்பிக்கை வைக்க முடியாது. டி.கியூ என்பது தட்கலில் எடுத்துக் காத்திருப்பவர்கள்.

ஆன்லைனில் எடுத்த டிக்கெட் சார்ட் தயாரான பிறகும் முழுக்க வெயிட்டிங் லிஸ்ட்டிலேயே நின்றால், அது தானாக ரத்தாகிவிடும். சிறு பிடித்தம் போகப் பணம் கணக்குக்குத் திரும்பும். அந்த டிக்கெட்டைக் காட்டி ரயிலில் ஏற முடியாது. கவுன்ட்டரில் எடுத்தது அப்படித் தானாக ரத்தாகாது; எடுத்தவரே போய் ரத்து செய்து பணத்தை வாங்க வேண்டும். பேரன் ஆன்லைனில் எடுத்துக்கொடுத்த டிக்கெட்டைக் கவுன்ட்டர் டிக்கெட்போல நினைத்துக்கொண்டு, "போய் நின்னா டி.டி.இ பார்த்துக்குவார்" என்று பிளாட்ஃபாரத்துக்கு வரும் தாத்தாக்கள் இன்னமும் இருக்கிறார்கள். அவர்களிடம் 'ஆட்டோ கேன்சல்டு' என்ற மெசேஜை வாசித்துச் சொல்ல வீட்டில் ஒருவர் வேண்டும்.

வெயிட்டிங்குக்கும் கன்ஃபர்முக்கும் நடுவில் திரிசங்கு சொர்க்கம் ஒன்று இருக்கிறது. அதுதான் ஆர்.ஏ.சி. விரித்தால் 'ரிசர்வேஷன் அகெய்ன்ஸ்ட் கேன்சலேஷன்'. இந்த 'அகெய்ன்ஸ்ட்'தான் பலரையும் இடறிவிடும். பள்ளியில் 'எதிராக' என்று படித்த சொல். கேன்சலேஷனுக்கு எதிரான ரிசர்வேஷனா? இல்லை. இங்கே 'அதற்கு ஈடாக', 'அதன்பேரில்' என்று அர்த்தம். யாராவது ரத்து செய்தால் அந்த இடத்தின்பேரில் உங்களுக்குப் படுக்கை. 'பேமென்ட் அகெய்ன்ஸ்ட் டெலிவரி' என்று கடைக்காரர்கள் சொல்வதும் இதே அகெய்ன்ஸ்ட்தான். சரக்கு வந்ததும் அதற்கு ஈடாகப் பணம். ஆர்.ஏ.சி-யில் ரயில் ஏறலாம். ஒரு சைடு லோயர் பெர்த்தில் இருவர் உட்கார வேண்டும். காலியானால் படுக்கை.

தட்கல் ஆங்கிலமே இல்லை, இந்தி. 'உடனடி' என்று பொருள். ரயில் புறப்படும் நாளுக்கு முந்தின நாள் காலை 10 மணிக்கு ஏ.சி, 11 மணிக்கு ஸ்லீப்பர். ஆன்லைனில் எடுக்க 2025 ஜூலை 1 முதல் ஆதார் சரிபார்ப்பும் வேண்டும். கன்ஃபர்ம் ஆன தட்கல் டிக்கெட்டைப் பயணியாக ரத்து செய்தால் பைசா திரும்பாது. முன்பதிவே 120 நாள்களுக்கு முன் தொடங்கிய காலம் போய், 2024 நவம்பர் 1 முதல் 60 நாள்களுக்கு முன் என்று சுருங்கியிருக்கிறது. அத்தை பத்திரிகை அனுப்பும்வரை காத்திருந்தால் 'டபிள்யூ.எல் 31' தான் வரும்.

ஃபார்மா, ஃபர்மா?

அப்பா கேட்ட கேள்வியைத் திரும்பப் பாருங்கள். "கன்ஃபார்மா?" என்றார். தமிழ்நாடு முழுக்க அப்படித்தான் கேட்கிறது. ஆனால் 'கன்ஃபார்ம்' என்று ஆங்கிலத்தில் வேறொரு சொல் இருக்கிறது. விதிக்குக் கட்டுப்படுதல், ஊரோடு ஒத்துப்போதல் என்று அதற்குப் பொருள். உறுதிப்படுத்துவது 'கன்ஃபர்ம்'.

நினைவில் வைக்க ஒரு வழி: கன்ஃபர்முக்குள் 'ஃபர்ம்' இருக்கிறது. ஃபர்ம் என்றால் உறுதியான, ஆடாத. கன்ஃபார்முக்குள் 'ஃபார்ம்' இருக்கிறது, அதாவது வடிவம். ஒரு வடிவத்துக்குள் தன்னைப் பொருத்திக்கொள்வது. வீட்டில் பேசும்போது எப்படிச் சொன்னாலும் குடிமூழ்கிப் போகாது. ஹோட்டலுக்கு இ-மெயில் அனுப்பும்போது எழுத்து மாறினால், 'என் முன்பதிவைக் கட்டுப்படச் செய்யுங்கள்' என்று போய் நிற்கும்.

'கன்ஃபர்ம் டிக்கெட்' என்பதும் நம் ஊர்ப் பேச்சுதான். எழுதும்போது 'கன்ஃபர்ம்டு டிக்கெட்'. "ஐ ஆம் ஹேவிங் எ ரிசர்வேஷன்" என்று ரிசப்ஷனில் சொல்கிறவர்களும் உண்டு. "ஐ ஹேவ் எ ரிசர்வேஷன்" போதும். இதில் 'எ' விட்டுப்போய், கடைசியில் ஒரு 'ஸ்' ஒட்டிக்கொண்டால் கதை மாறிவிடும். "ஐ ஹேவ் ரிசர்வேஷன்ஸ்" என்றால், எனக்குத் தயக்கம் இருக்கிறது, முழு சம்மதமில்லை என்று அர்த்தம். பெண் பார்க்கப்போன இடத்தில் சொல்லவேண்டிய வாக்கியத்தை ஹோட்டல் வாசலில் சொன்னதுபோல் ஆகும்.

தமிழ்நாட்டில் ரிசர்வேஷன் என்றதும் 69 சதவிகிதம் ஞாபகம் வருகிறவர்களும் உண்டு. ஆங்கிலம் இரண்டுக்கும் ஒரே சொல்லை வைத்துக்கொண்டு சமாளிக்கிறது. தமிழில் 'முன்பதிவு' வேறு, 'இட ஒதுக்கீடு' வேறு. இந்த ஒரு விஷயத்தில் தமிழ் தெளிவு.

கேட்டால் கிடைக்குமா?

அம்மாவின் முழங்காலுக்கு வருவோம். டிக்கெட் எடுக்கும்போது மகள் 'லோயர் பெர்த்' என்று தேர்வு செய்திருந்தாள். அந்தக் கட்டத்தின் தலைப்பு 'பெர்த் ப்ரிஃபரன்ஸ்'. ப்ரிஃபரன்ஸ் என்றால் விருப்பம். கேட்பது உங்கள் உரிமை. கொடுப்பது இருப்பைப் பொறுத்தது. 60 வயது ஆன ஆண்கள், 45 வயது ஆன பெண்களுக்குக் கேட்காவிட்டாலும் கீழ்ப் படுக்கை ஒதுக்க ரயில்வே கணினி முயலும், காலி இருந்தால். அதே பக்கத்தில், 'கீழ்ப் படுக்கை ஒன்றாவது ஒதுக்கப்பட்டால் மட்டுமே புக் செய்' என்று ஒரு தேர்வும் இருக்கிறது. 'ஒன்லி இஃப்' என்று வரும் அந்த வரிதான் விருப்பத்தை நிபந்தனையாக மாற்றுகிறது. பலர் அதைப் படிக்காமலே கடந்துவிடுகிறார்கள்.

'ப்ரிஃபரன்ஸ்' போலவே 'ரிக்வெஸ்ட்'. ஹோட்டல் தளங்களில் 'ஸ்பெஷல் ரிக்வெஸ்ட்' கட்டத்தில் 'தரைத்தளத்தில் அறை வேண்டும்' என்று எழுதிவிட்டு, அது நடந்தே தீரும் என்று நம்பி வீல்சேரோடு போய் இறங்குவார்கள். பக்கத்திலேயே 'சப்ஜெக்ட் டு அவெய்லபிலிட்டி' என்று போட்டிருக்கும். இங்கே சப்ஜெக்ட் என்பது பாடமல்ல. 'அதற்கு உட்பட்டு' என்று பொருள். இருந்தால் தருவோம், இல்லாவிட்டால் கோபிக்கக் கூடாது. நிச்சயமாக வேண்டுமென்றால் ஒரு போன் போட்டு, "கேன் யூ கேரன்ட்டி எ கிரவுண்ட் ஃப்ளோர் ரூம்?" என்று கேட்க வேண்டும். 'கேரன்ட்டி' என்ற சொல்லைப் போட்டதும் எதிர்முனையில் குரல் கொஞ்சம் நிதானமாகும். அந்த நிதானத்திலேயே பதில் தெரிந்துவிடும்.

தென்சென்னைக்காரர்களுக்கு இன்னொரு சொல் முக்கியம்: போர்டிங். தி.நகரில் இருக்கிறவர் எழும்பூரிலிருந்து டிக்கெட் எடுத்துவிட்டு, "நம்ம ரயில் மாம்பலத்துல நிக்குமே" என்று அங்கே போய் ஏறுவார். 'ஃப்ரம்' என்பது டிக்கெட் எங்கிருந்து என்பது; 'போர்டிங் ஸ்டேஷன்' என்பது நீங்கள் எங்கே ஏறுவதாகச் சொன்னீர்கள் என்பது. எழும்பூரில் சீட் காலியாக இருந்தால் 'வரவில்லை' என்று குறித்து, அடுத்தவருக்குக் கொடுத்துவிட வாய்ப்பிருக்கிறது. சார்ட் தயாராகும் முன்பே போர்டிங்கை மாற்றிவிட்டால் சண்டை இல்லை. மாற்றிய பிறகு, "ஆட்டோ கிடைச்சது, எழும்பூருக்கே வந்துட்டேன்" என்று அங்கே ஏறும் உரிமை கிடையாது.

மண்டபத்தில் 'பிளாக்'

ரயில் போனால் பஸ் இருக்கிறது. கல்யாண மண்டபத்தில் சொல் தவறினால் பத்திரிகையையே திரும்ப அச்சடிக்க வேண்டும்.

அடையாறில் ஒரு பெண்ணின் அப்பா, தை மாத முகூர்த்தத்துக்கு தி.நகரில் மண்டபம் தேடுகிறார் என்று கொள்வோம். மேனேஜர் போனில் சொல்கிறார்: "சார், டேட் ஃப்ரீயா இருக்கு. உங்களுக்காக பிளாக் பண்ணி வெச்சிருக்கேன்."

அப்பா வீட்டுக்குப் போய், "மண்டபம் கிடைச்சிடுச்சு" என்கிறார். சம்பந்தி வீட்டுக்கும் சொல்லியாகிறது. பத்து நாள் கழித்து அட்வான்ஸோடு போனால், "நீங்க வரலைன்னு நினைச்சோம் சார், வேற பார்ட்டி கன்ஃபார்ம் பண்ணிட்டாங்க."

மேனேஜர் பொய் சொல்லவில்லை. 'பிளாக்', 'ஹோல்ட்', 'டென்டேட்டிவ்' மூன்றும் ஒரே குடும்பம். நாற்காலியில் கைக்குட்டை போட்டு இடம் பிடிப்பது மாதிரி. கைக்குட்டைக்கு எவ்வளவு நேரம் மரியாதை என்பதைக் கேட்டு வாங்காதவரைக்கும் அது வெறும் கைக்குட்டைதான். அங்கே கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே ஒன்று: "அன்டில் வென் வில் யூ ஹோல்ட் தி டேட் ஃபார் அஸ்?" தமிழிலேயே, "எந்தத் தேதி வரைக்கும் வெச்சிருப்பீங்க?" என்று கேட்கலாம், அதுதான் உத்தமம். மேனேஜரும் தமிழ், கேட்கிறவரும் தமிழ். ரசீதும் வாட்ஸ்அப் மெசேஜும் மட்டும்தான் ஆங்கிலம். ஆனால் தகராறு வரும்போது எல்லோரும் எடுத்துப் பார்ப்பது அந்த ஆங்கிலத்தைத்தான்.

ரசீதில் பார்க்க வேண்டியவை: 'அட்வான்ஸ்' என்பது வாடகையில் ஒரு பகுதி, கழித்துக்கொள்வார்கள். 'காஷன் டெபாசிட்' அல்லது 'செக்யூரிட்டி டெபாசிட்' என்பது சேதம் எதுவும் இல்லாவிட்டால் திரும்பி வரவேண்டிய தொகை. இரண்டையும் ஒரே வரியில் கூட்டிப் போட்டு 'அட்வான்ஸ்' என்று எழுதியிருந்தால், அங்கேயே பிரித்து எழுதச் சொல்லிவிடுவது நல்லது. 'நான்-ரீஃபண்டபிள்' என்றால் திரும்பாது. 'ஃபார்ஃபீட்' என்று வந்தால் அதைவிடக் கடுமை. நீங்கள் விதியை மீறினால் தொகையை இழப்பீர்கள் என்று அர்த்தம். 'அட்ஜஸ்டபிள்' என்றால் பணமாக வராது, வேறு தேதிக்கு வரவு வைப்பார்கள். எந்தத் தேதிக்குள் என்பதையும் கேட்டுக்கொள்ள வேண்டும்.

சென்னையில் மண்டபத்தை 'ஒரு நாள்' வாடகைக்கு எடுத்தால், முந்தின நாள் பிற்பகலில் சாவி கொடுத்து, மறுநாள் பிற்பகலில் வாங்கிக்கொள்வது வழக்கம். மாலை ரிசப்ஷன், காலை முகூர்த்தம், மதியம் சாப்பாடு. ரசீதில் 'ஒன் டே' என்று மட்டும் எழுதினால், எந்த மணியிலிருந்து எந்த மணிவரை என்று சண்டைபோட நிறைய இடம் இருக்கிறது. 'ஃப்ரம் 3 பி.எம் ஆன் தி 20த் டு 3 பி.எம் ஆன் தி 21ஸ்ட்' என்று நேரம் போட்டு எழுதினால் யாருக்கும் வாய் திறக்க இடமிருக்காது.

எல்லாம் பேசி முடித்தபின், ஒரே வரி மெசேஜ்: "ப்ளீஸ் கன்ஃபர்ம் இன் ரைட்டிங் தட் தி ஹால் இஸ் புக்டு ஃபார் அஸ் ஆன் திஸ் டேட்." பதிலில் 'ஓகே சார்' என்று கட்டைவிரலை மட்டும் அனுப்பினால் திரும்பக் கேட்க வேண்டும். கல்யாண வீட்டுக்காரர்களுக்குக் கூச்சம் கூடாது.

ஹோட்டல் அறையில் விஷயம் இவ்வளவு சிக்கல் இல்லை. 'டபுள்' என்றால் பெரிய கட்டில் ஒன்று. 'ட்வின்' என்றால் தனித்தனிக் கட்டில் இரண்டு. அண்ணனும் தம்பியும் போகும்போது இது தெரிந்திருந்தால் நிம்மதி. நம் ஊர் லாட்ஜ்களில் 24 மணி நேரக் கணக்கு இன்னும் உண்டு. பெரிய ஹோட்டல்களில் பகல் 12 மணிக்குக் காலி செய்தாக வேண்டும், எப்போது வந்தாலும். 'ஃப்ரீ கேன்சலேஷன் அன்டில்' என்று ஒரு தேதி போட்டிருந்தால், அந்தத் தேதிக்குப் பிறகு அது ஃப்ரீ இல்லை. சொல்லாமல் வராமலே இருந்துவிட்டால் அதன் பெயர் 'நோ-ஷோ'. ரத்து செய்தவரைவிட நோ-ஷோவுக்குத்தான் பொதுவாக நஷ்டம் அதிகம்.

டாக்டரிடம் ரிசர்வேஷனும் இல்லை, புக்கிங்கும் இல்லை, அதற்கு 'அப்பாயின்ட்மென்ட்'. தேதியை முன்னால் தள்ள 'ப்ரீபோன்' என்று சொல்வதை வெள்ளைக்காரர்கள் புரியாமல் பார்த்த காலம் உண்டு. இப்போது ஆக்ஸ்ஃபோர்டு அகராதியிலேயே அந்தச் சொல் இருக்கிறது, இந்திய ஆங்கிலம் என்ற குறிப்போடு. தாராளமாகச் சொல்லலாம். வெளிநாட்டுக்காரரிடம் மட்டும் "கேன் வீ மேக் இட் எர்லியர்?"

எந்தப் பெயரில்?

"அண்டர் வாட் நேம்?" ரெஸ்டாரன்ட்டில் டேபிள் கேட்டுப் போன் போட்டால் முதலில் வரும் கேள்வி. ஒரு பெயர் போதும். "எ டேபிள் ஃபார் சிக்ஸ், அட் எய்ட், அண்டர் தி நேம் குமார்" என்றால் முடிந்தது. மயிலாப்பூர் ராயர் மெஸ் மாதிரி இடங்களில் இதற்கும் வேலையில்லை. வாசலில் நின்று, இலை காலியானால் உள்ளே. ஆங்கிலத்தில் அதை 'வாக்-இன்' என்பார்கள்.

விமான டிக்கெட்டில்தான் பெயர் பெரிய விஷயம். தமிழர்களுக்குக் குடும்பப் பெயர் கிடையாது, இனிஷியல்தான். படிவமோ 'ஃபர்ஸ்ட் நேம்', 'லாஸ்ட் நேம்' என்று இரண்டு கட்டம் வைத்துக்கொண்டு காத்திருக்கும். அப்பா பெயரை எங்கே போடுவது, இனிஷியலை விரிப்பதா வேண்டாமா என்று வீட்டில் பட்டிமன்றம் நடக்கும். ஒரே விதிதான்: பாஸ்போர்ட்டில் 'சர்நேம்' கட்டத்தில் என்ன இருக்கிறதோ அதுவே லாஸ்ட் நேம்; 'கிவன் நேம்' கட்டத்தில் இருப்பதே ஃபர்ஸ்ட் நேம். ஆதாரில் எப்படி இருந்தாலும் வெளிநாட்டு விமானத்துக்குப் பாஸ்போர்ட்தான் கணக்கு. சர்நேம் கட்டம் காலியாக, ஒரே பெயரோடு பாஸ்போர்ட் வைத்திருப்பவர்கள் நம் ஊரில் ஏராளம். 2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம், ஒற்றைப் பெயர் மட்டும் உள்ள பாஸ்போர்ட்டில் சுற்றுலா, விசிட் விசாவில் வருகிறவர்களை அனுமதிக்க முடியாது என்று அறிவித்தபோது அவர்கள்தான் தவித்துப்போனார்கள். பிறகு, பாஸ்போர்ட்டின் இரண்டாவது பக்கத்தில் அப்பா பெயரோ குடும்பப் பெயரோ இருந்தால் சரி என்று விளக்கம் வந்தது. மகனையோ மகளையோ பார்க்க வெளிநாடு கிளம்பும் பெற்றோர், டிக்கெட்டுக்குப் பணம் கட்டுவதற்கு முன்பே அந்த விமான நிறுவனம் ஒற்றைப் பெயரை எப்படிப் போடச் சொல்கிறது என்று கேட்டுவிடுவது நல்லது.

விமானத்திலும் பி.என்.ஆர் உண்டு. அது எழுத்தும் எண்ணும் கலந்த ஆறு குறிகள். ஏஜென்ட் அதை வாட்ஸ்அப்பில் அனுப்பியதும் டிக்கெட் எடுத்தாகிவிட்டது என்று நினைக்கிறார்கள். அதுவும் கைக்குட்டைதான். சீட்டைப் பிடித்து வைத்து, பணம் கட்டாமல் 'ஹோல்ட்' செய்தாலும் பி.என்.ஆர் வரும். டிக்கெட் என்பது அதற்குப் பிறகு வரும் 13 இலக்க இ-டிக்கெட் நம்பர். ஆகவே ஏஜென்ட்டிடம், "பி.என்.ஆர் வந்துடுச்சு, டிக்கெட் நம்பர் எங்க தம்பி?" என்று கேட்கத் தெரிந்தால் பாதிக் கவலை தீரும். 'இஷ்யூடு' அல்லது 'டிக்கெட்டடு' என்று இருக்கிறதா என்று பார்க்கலாம். அந்தக் காலத்தில் பயணத்துக்கு 72 மணி நேரம் முன்பு விமான நிறுவனத்துக்குப் போன் செய்து 'ரீகன்ஃபர்ம்' செய்யவேண்டியிருந்தது. பெரும்பாலான நிறுவனங்கள் அதைக் கைவிட்டுவிட்டன. ஆனாலும் கிளம்புவதற்கு மூன்று நாள் முன்பு ஒரு போன் போட்டால்தான் சில அப்பாக்களுக்குத் தூக்கம் வருகிறது. போடட்டும், தப்பில்லை.

திருப்பதி தரிசன டிக்கெட்டில் 'ரிப்போர்ட்டிங் டைம்' என்று இருப்பதை தரிசன நேரம் என்று நினைத்து மலையேறுபவர்களும் உண்டு. அது வரிசைக்கு வந்து நிற்கவேண்டிய நேரம். பெருமாளைப் பார்க்கும் நேரம் அவர் கையில். மார்கழியில் 'சீசன் டிக்கெட்' என்றால் மயிலாப்பூரில் சபா, மாம்பலத்தில் மின்சார ரயில். ஒரே வீட்டில் இரண்டும் இருந்தால் எது யார் பையில் என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.

சரி, அந்த மதுரைக் குடும்பம் என்ன ஆனது?

டபிள்யூ.எல் 31, நாளாக நாளாக 20 ஆனது, 9 ஆனது. மகள் தினமும் காலையில் காபியோடு பி.என்.ஆரைத் தட்டிப் பார்த்தாள். சார்ட் வந்தபோது ஆர்.ஏ.சி. சைடு லோயரில் அப்பாவும் அம்மாவும் எதிரெதிரே உட்கார்ந்தார்கள், நடுவில் புளியோதரைப் பொட்டலம். செங்கல்பட்டு தாண்டியதும் டி.டி.இ வந்தார்.

"பக்கத்து பே-ல ஒரு லோயர் காலி. ஒருத்தர் அங்க போயிட்டா இன்னொருத்தருக்கு இந்த பெர்த் முழுசா ஆச்சு. யார் போறீங்க?"

அம்மா எழுந்திருக்கவில்லை.

"கன்ஃபர்மா சார்?" என்றார்.